ஏர்த் வயரை வெட்டிவிட்டு "ஹம் போயிட்டு" என்றார்

வால்வு அம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வைத்திருக்கிறவர்கள், முக்கியமாகச் சொந்தக் கையால் செய்து வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்துவிடுங்கள். காசு போன கதை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

போன வருடம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையிலேயே ஒரு சின்னக் கிற்றார் அம்ப் செய்தேன். 1950களின் ஃபெண்டர் சாம்ப் மாதிரிச் சுற்று: ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, ஒரு 6வி6 வால்வு, ஐந்து வாட் அளவில் வரும். ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயருக்கு வால்வுக்குப் பதில் டயோட். வாசிக்கும்போது தேன். கையை எடுத்தால் "ம்ம்ம்" என்று பழைய ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி ஒரு இரைச்சல், அதுதான் ஹம். பாட்டுப் பதிவுசெய்யக் கணினியோடு இணைத்தால் இன்னும் கூடும்.

இரண்டு மாதம் மல்லுக்கட்டி அலுத்துப்போய், வால்வு வேலை தெரிந்த பாஸ் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, புறக்கோட்டைப் பக்கம் ஒரு திருத்தும் கடைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. "நாளைக்கு வாங்க தம்பி" என்றே மூன்று கிழமை இழுத்தது. கடைசியில் 14,500 ரூபா. டிசியின் அலைவைச் சமப்படுத்தும் ஃபில்டர் கப்பாசிற்றர் இரண்டும் புதுசாம், ஏர்த்திங் எல்லாம் சரிபண்ணியாச்சாம். தன்னுடைய மிக்ஸரைக் கொழுவிப் பாட்டுப் போட்டுக் காட்டினார். வெளியே பஸ் ஹோர்ன், பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் அலறல். அந்தச் சந்தடியில் எந்த ஹம் காதில் விழும்? கழற்றிய பழைய கப்பாசிற்றர்களைக் கேட்டேன். "அதெல்லாம் குப்பைக்குப் போயிட்டு தம்பி." அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றிரவு கிற்றாரை மட்டும் கொழுவினேன். அதே இரைச்சல். சரி, கணினியோடு பார்ப்போம் என்று வயரை எடுத்தேன். இடது கை கிற்றார்க் கம்பியில், வலது கை கணினியின் இரும்புப் பெட்டியில் பட்டது. முழங்கை வரைக்கும் சுரீர் என்று இழுத்தது. டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். மினுக்கென்று எரிந்தது.

பிளக்கைக் கழற்றி, 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றால் கப்பாசிற்றர்களில் தேங்கிய சார்ஜை இறக்கி, வோல்ட் மீற்றரில் பூச்சியம் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைத்தேன். (பிளக் கழற்றினாலும் 300 வோல்ட்டுக்கு மேல் உள்ளே காத்துக்கொண்டு கிடக்கும். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.) சேசியில் (அம்பின் இரும்புச் சட்டத்தில்) நான் போல்ட் போட்டு இறுக்கியிருந்த பச்சை மஞ்சள் ஏர்த் வயர் வெட்டப்பட்டிருந்தது. நுனிக்குக் கறுப்பு டேப் சுற்றி, மற்ற வயர்க் கட்டுக்குள் பதுக்கியிருந்தார்கள். மறதியில் நடந்த வேலை இல்லை இது.

இப்படி வெட்டினால் ஏன் சத்தம் குறைகிறது? மிக்ஸருக்கும் ஏர்த் இருக்கிறது, அம்புக்கும் இருக்கிறது. இடையில் சிக்னல் வயரின் கவசமும் இரண்டையும் இணைப்பதால் ஒரு வளையம் உண்டாகி, அதில் மெயின்ஸின் 50 ஹேர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது. ஒரு பக்க ஏர்த்தை வெட்டினால் வளையம் அறும். ஆனால் என்றைக்காவது ட்ரான்ஸ்ஃபோர்மரின் இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் சேசிக்கு வரும், சேசியில் இருந்து கம்பிக்கு, கம்பியில் இருந்து வாசிக்கிறவன் கைக்கு. ஏர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும் அல்லது ட்ரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் கரண்ட் உங்கள் உடம்பு வழியாக ஓடத் தொடங்கிய பிறகுதான் ட்ரிப் சுவிட்சுக்கே விஷயம் தெரியும். வளையத்தை அறுக்க வேண்டுமானால் சிக்னல் பாதையில் ஒரு சின்ன ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோர்மர் (வயர்த் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) போடுங்கள். ஏர்த்தில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது அந்தப் "புது" கப்பாசிற்றர். மேலே 47 மைக்ரோஃபரட், 450 வோல்ட் என்று பளிச்சென்று அச்சு. கையில் எடுத்தால் வெறும் டப்பா மாதிரிப் பாரமே இல்லை. மீற்றர் 9.6 மைக்ரோஃபரட்தான் காட்டியது. அடியைக் கிண்டிப் பார்த்தேன்: பெரிய அலுமினியக் குப்பிக்குள்ளே சுண்டுவிரல் பருமனில் இன்னொரு கப்பாசிற்றர்! சிரிப்பதா அழுவதா?

உண்மையான பிழை என்னுடையதுதான், அதையும் சொல்கிறேன். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 98 ஹேர்ட்ஸ். அதை மீட்டியபோது இரைச்சலோடு சேர்ந்து வினாடிக்கு இரண்டு தடவை அலைந்தது. ஆகவே இது 100 ஹேர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் ஹீற்றர் வயரில் இருந்து வருவதென்றால் பெரும்பாலும் 50 ஆக இருக்கும், ரெக்டிஃபயர் அதை இரட்டிப்பாக்கும், ஆகவே 100 என்றால் ரெக்டிஃபயருக்குப் பிறகு. வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன், சத்தம் அசையவில்லை. 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றினேன், பெரும்பகுதி போய்விட்டது. அப்படியானால் வொலியூமுக்குப் பிறகு, அந்த வால்வின் இரண்டாவது பாதியில் நுழைகிறது. வயரைத் தொடர்ந்து பார்த்தால், ட்ரான்ஸ்ஃபோர்மரின் சென்டர் டாப்பை (சுருளின் நடுவில் இருந்து வரும் வயரை) ஒரு மூலையிலும் முதல் கப்பாசிற்றரின் மைனஸை மறுமூலையில் ப்ரீஅம்ப் (12ஏஎக்ஸ்7 இருக்கும் முதல் கட்டம்) பக்கமும் இறுக்கி வைத்திருக்கிறேன். சார்ஜ் ஆகும் கரண்ட் முழுவதும் ப்ரீஅம்பின் காலடியால்தான் போய்வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே ஒரு வயரை ப்ரீஅம்புக்கு விட்டேன். நல்ல கப்பாசிற்றர் இரண்டு போட்டேன், ஏர்த்தைத் திரும்ப இறுக்கினேன். ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் இப்போது ஏதோ கேட்கிறது.

கடைக்குப் போய், "ஏர்த்த ஏன் அண்ணே வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் தம்பி செய்றது. ஒருத்தரும் வந்து குறை சொல்லல்ல."

வாக்குவாதத்துக்குப் பிறகு 3,000 ரூபா திரும்பி வந்தது. போன கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு நண்பனின் பேஸ் அம்பைத் திறந்தோம். வேறு கடையில் திருத்தியது. அதிலும் அதே கறுப்பு டேப்.

எங்கே திருத்தினாலும் சரி, வீட்டுக்கு வந்தவுடன் மின்சாரம் கொடுக்க முதல் மீற்றரை ஓம்ஸில் போடுங்கள். ஒரு முனையைப் பிளக்கின் ஏர்த் பின்னிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத சேசி இரும்பிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கொழுவாதீர்கள், திறந்து பாருங்கள்.