ஆமைப் பெட்டி: எல்லாம் சரி, அந்தக் கதவைத் தவிர

விலை குறைந்துவிட்டதாம். நான் வைத்திருக்கும் அதே நாலடி பிவிசி பெட்டி, முன்பக்கம் இரண்டு சறுக்குக் கண்ணாடி, இப்போது மூவாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று பாலக்கோட்டு நண்பன் படம் அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி: "மாப்ள, வாங்கிடட்டுமா?" மகளுக்கு சல்காட்டா ஆமைக்குட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறான். அதே வாரம்தான் என் பெட்டியின் இடப்பக்கக் கண்ணாடி மூலை தெறித்து, தருமபுரியில் ஒரு கண்ணாடிக் கடையில் புதிதாக வெட்டி வாங்கி மாட்டியிருந்தேன். அதனால் நான் எழுதுவதில் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அளவு, விளக்கு மாட்டும் இடம், காற்றுத் துளை எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மனசு வராது.

சல்காட்டா சகாராவின் தெற்கு ஓரத்து ஆமை. அதனால் காய்ந்த மண்ணும் வெயிலும் இருந்தால் போதும் என்று விற்பவர்களே சொல்வதுண்டு. பெரிய ஆமைக்கு அது ஓரளவு சரி. ஆனால் குட்டிகள் அங்கேயும் வெட்டவெளியில் காய்ந்துகொண்டு கிடப்பதில்லை, ஈரம் தங்கும் வளைகளைத் தேடிப் பதுங்கிக்கொள்கின்றன. வறட்டுக் காற்றில் வளரும் குட்டிக்கு ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாக எழும்பிவிடும். பிரமிடிங் என்பார்கள். வந்துவிட்டால் பழையபடி ஆகாது. தீனியில் புரதம் கூடினால்தான் இப்படி ஆகும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2003-இல் ஆஸ்திரியாவின் வீஸ்னர், இபன் என்ற இரு ஆய்வாளர்கள் சல்காட்டா குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்து ஒப்பிட்டார்கள். ஓட்டைக் கெடுத்ததில் பெரும்பங்கு காற்றின் வறட்சிக்குத்தான், புரதத்தின் பங்கு சொற்பம் என்று தெரிந்தது.

அந்த ஒரு விஷயத்தில் இந்தப் பெட்டி கில்லாடி. சித்திரை மாதத்தில் நம் ஊரில் திறந்த டப்பில் தண்ணீர் தெளித்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். இதில் தேங்காய்நார்த் தூளை நன்றாக நனைத்துக் கதவைச் சாத்திவிட்டால் மறுநாள் காலையிலும் ஈரப்பத மீட்டர் எண்பது சதவீதத்தை விட்டு இறங்குவதில்லை. பிளைவுட் பெட்டியாக இருந்தால் இந்த ஈரத்துக்கு ஓரமெல்லாம் உப்பிப் பிரிந்திருக்கும். பிவிசிக்கு அந்தக் கவலை இல்லை. மார்கழியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனாலும் உள்ளே கதகதப்பு சட்டென்று இறங்கிவிடாது. யுவிபி (வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு பெட்டிக்குள்ளேயே இருப்பதால் நடுவில் கண்ணாடி மறைப்பதில்லை. சன்னலோர வெயில் போதாதா என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரை உள்ளே விடாது. அந்தக் கதிர் இல்லாமல் ஆமை உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாமல் கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் எலும்பிலும் ஓட்டிலும் ஒழுங்காகச் சேராது.

என் சல்காட்டா குட்டி லட்டுவை (பெயர் என் மகள் வைத்தது) கையில் எடுத்து ஓட்டைத் தடவினால், பழைய கட்டங்களைச் சுற்றிப் புதிதாக வளர்ந்த வெளிர்நிறப் பட்டைகள் மேடு தட்டாமல் படிந்திருப்பது தெரியும். விரல் எங்கும் தடுக்காது. உண்மையைச் சொன்னால், பெட்டிக் கதவைவிட ஆமை ஓடு நன்றாக வழுக்குகிறது.

சரி, கதவுக்கு வருகிறேன். கண்ணாடி ஓட இரண்டு பள்ளம் போட்ட பிளாஸ்டிக் தடம் ஒன்று கீழே இருக்கிறது. அந்தத் தடம் பெட்டித் தரையிலிருந்து மூன்று அங்குல உயரம்கூட இல்லை. குட்டி தோண்டிப் படுக்க நாலு அங்குலமாவது நார்த்தூள் போடுங்கள் என்று பெட்டியோடு வந்த தாளில் எழுதியிருக்கிறார்கள். மூன்று அங்குல வரம்புக்குப் பின்னால் நாலு அங்குலத் தூள் எப்படி நிற்கும் என்று அதை எழுதியவர் யோசித்தாரா தெரியவில்லை. பின்பக்கம் உயர்த்தி முன்பக்கம் சரித்துப் போட்டால் நிற்கும், ஆமை இல்லாதவரை.

ஆமைக்குக் கண்ணாடி என்றால் என்னவென்றே புரியாது. வெளிச்சம் தெரிகிற பக்கம் வழி இருக்கிறது என்று நினைத்து அதன் ஓரமாகவே நடக்கும், மூலைக்குப் போனதும் முன்காலால் பிராண்டும். சல்காட்டா பிறவியிலேயே தோண்டும் சாதி. ஒவ்வொரு பிராண்டலுக்கும் ஒரு சிட்டிகை ஈரத்தூள் தடத்தில் விழும். மேலே விளக்கின் சூடு. சாயங்காலத்துக்குள் அது வடைச்சட்டியில் அடிப்பிடித்த மாவு மாதிரி இறுகிவிடும். அதற்கு மேல் கண்ணாடியைத் தள்ளினால் கர்ரென்று ஒரு சத்தம், பல் கூசும். கண்ணாடியின் அடி பத்து சென்டிமீட்டருக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு லட்டு ஓரமாக நடப்பது குறைந்தது. ஒட்டாதவர்கள் இன்றைக்கே ஒட்டுங்கள். தோண்டுவது மட்டும் குறையவில்லை.

சுத்தம் செய்ய ஈரத்துணி உதவாது, களியாகிவிடும். பழைய பல்துலக்கி பள்ளத்தின் அடிவரை போகாது. ஊதுபத்திக் குச்சியின் பின்முனைதான் அந்தப் பள்ளத்துக்குச் சரியான தடிமன். மூலையில் இறுகியதை எடுக்க வேண்டுமானால் கண்ணாடியையே கழற்ற வேண்டும்: மேலே தூக்கி, அடிப்பக்கத்தை வெளியே இழுத்து இறக்க வேண்டும். ஓரம் தேய்க்காத கண்ணாடி, கையைக் கிழிக்கும். அப்படி ஒருமுறை மாட்டும்போது தடத்தில் மிச்சமிருந்த கட்டியில் ஏறி மூலை தெறித்தது. சில்லு எங்கே போனது என்று தெரியாததால் உள்ளே இருந்த நார்த்தூள் முழுவதையும் வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். கண்ணில் படுவதை எல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் பிராணி அது. நல்லவேளை, இந்தப் பக்கம் நார்த்தூள் மலிவு. செடிக்கென்று உரம் கலந்து விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

புதுக் கண்ணாடி வெட்டித் தந்த கடைக்காரர் நான் கேட்காமலே நாலு ஓரத்தையும் மெஷினில் தேய்த்துக் கொடுத்தார். பெட்டி விற்றவர்களுக்குப் போன் செய்தபோது கிடைத்த பதில்: "நார்த்தூள் போடாதீங்க சார், பேப்பர் விரிச்சு விடுங்க." ஈரத்துக்காகத்தானே ஐயா இந்தப் பெட்டியையே வாங்கினோம்!

தீனி விஷயத்தில் நம் பக்கம் கொடுத்து வைத்தது. பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் மல்பெரித் தழையை லட்டு நரம்புகூட விடாமல் தின்னும். புழு செத்துவிடும் என்று அந்தச் செடிக்குக் கண்டபடி மருந்து அடிக்க மாட்டார்கள், அதுவே பெரிய நிம்மதி. சப்பாத்திக்கள்ளியை நெருப்பில் வாட்டி முள்ளைத் தேய்த்துக் கொடுக்கலாம். மாம்பழச் சீசனில் பாசத்தில் துண்டு போட்டுவிடாதீர்கள், சர்க்கரை இதன் வயிற்றுக்கு ஆகாது. காலை வெயிலுக்கு முற்றத்தில் விடுவோம், மேலே கம்பிவலை போட்டுத்தான். காக்கைக்குக் குட்டி ஆமை சுலபமான இரை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. அமீனா வராமல் இருக்கக் காகிதம் சரியாக இருக்க வேண்டும். நட்சத்திர ஆமையை யார் கொண்டுவந்து நீட்டினாலும் தொடக் கூடாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சல்காட்டா வெளிநாட்டு இனம்தான் என்றாலும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பது. 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இனி தீர்ப்பு. ஓடு நன்றாக இருக்கிறது, ஈரம் நிற்கிறது, சூடு நிற்கிறது, பெட்டி உப்பவில்லை. கூட்டிக் கழித்தால் வாங்கலாம் என்றுதான் வரும். நான் வேண்டாம் என்கிறேன். வளர்ந்த சல்காட்டா நாற்பது ஐம்பது கிலோ சாதாரணமாக வரும். தரை ஆமைகளில் இதைவிடப் பெரியவை கலாபகோஸ், அல்டாப்ரா ஆமைகள்தான். எந்த நாலடிப் பெட்டியும் அதற்குச் சில வருஷத் தங்கல், பிறகு வேலி போட்ட முற்றம்தான். அந்தச் சில வருஷமும் தினம் காலையில் குச்சியை வைத்துக் குடைந்துகொண்டிருக்க மூவாயிரம் தள்ளுபடி போதாது. அதே பிவிசி பலகையை வாங்கி, முன்பக்கம் ஏழு அங்குலம் அடைத்து, அதற்கு மேல் கீல் வைத்த கதவு போட்டுத் தர ஊரில் ஆசாரி இல்லாமலா போய்விட்டார்?

பெட்டி விற்றவர்களிடமே அப்படி முன்பலகையை உயர்த்தித் தருவீர்களா என்றும் கேட்டேன். டிசைன் அப்படித்தான் சார் என்றார்கள்.