எச்சார் என்ற ஸ்பானிஷ் வினையும் இரண்டு இலவச அகராதிகளும்

ஸ்பானிஷ் அகராதி ஒன்று நமக்கு உதவுமா என்று தெரிய வேண்டுமானால் அதில் எச்சார் என்ற வினையைத் தேடிப் பாருங்கள். இடத்துக்கு இடம் பொருள் மாறும் வினை, படிப்பவர்களைத் திணறடிப்பது. நான் பயன்படுத்தும் இரண்டு இலவச அகராதிகளை இதை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலாவது வேர்ட்ரெஃபரன்ஸ். 1999 முதல் இருக்கும் தளம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும், தொடர்களைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள், அவசரத்துக்கு இதுதான் கைகொடுக்கும். ஆனால் ஆங்கிலம் வழியாகப் போவதால் வினை சிதறிவிடுகிறது. எறிவதற்கு ஒரு சொல், ஊற்றுவதற்கு வேறொன்று, வேலையை விட்டு நீக்குவதற்கு இன்னொன்று என்று ஒட்டாத ஆங்கிலச் சொற்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால் மலைப்புத்தான் வரும்.

தமிழர்களுக்கு அந்த மலைப்பு வேண்டாம், நம்மிடம் 'போடு' இருக்கிறது. எச்சார் சால், உப்புப் போடுவது. எச்சார் காசோலினா, வண்டிக்குப் பெட்ரோல் போடுவது. எச்சார் லா குல்பா என்றால் பழியைப் போடுவது, எச்சார் குவென்தாஸ் என்றால் கணக்குப் போடுவது, எச்சார் உனா சியெஸ்தா என்றால் மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடுவது. ஸ்பெயினில் டிவியில் என்ன படம் போடுகிறார்கள் என்று கேட்பதற்கும் இதே வினைதான்! இவ்வளவு பொருத்தம் இருந்தும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய் இதைப் படிக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாவது, 1713-ல் மாட்ரிட்டில் தொடங்கிய ஸ்பானிஷ் அரச கழகத்தின் இணைய அகராதி. விளக்கம் முழுக்க ஸ்பானிஷிலேயே இருப்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கடினம், ஓரளவு வாசிக்க வந்தபிறகு போனால் போதும். ஒரு பொருளை விசை கொடுத்து ஓரிடத்துக்குப் போகவைப்பது என்ற பொருளில் தொடங்கி மற்றவற்றுக்கு நகர்கிறது. எறிதல் என்ற பொருள்கொண்ட இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் என்பதால் அந்த வரிசை மனதில் நன்றாக நிற்கிறது. வினைத்திரிபு அட்டவணையும் அங்கேயே கிடைக்கும்.

சரி, 'போடு' எல்லா இடத்திலும் ஒத்துவராது. அ என்ற முன்னிடைச்சொல்லோடு சேர்ந்தால் சட்டென்று தொடங்குவது: எச்சார்ஸே அ யோரார், அழ ஆரம்பிப்பது. எச்சார் அ பெர்தேர் என்றால் கெடுத்துவிடுவது. எச்சார் தே மேனொஸ் என்பது ஒருவர் இல்லாமல் ஏங்குவது, இதை ஸ்பெயினில் அதிகம் கேட்கலாம், லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் எக்ஸ்த்ரான்யார் என்பார்கள். இந்தத் தொடர்களுக்கு மட்டும் நான் முதலில் வேர்ட்ரெஃபரன்ஸைத்தான் திறப்பேன்.