சிங்கப்பூரிலிருந்து சத்துவாச்சாரிக்கு

டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சித்தி போன் போட்டார். "இன்னாடா, ஒன்றரை மணி நேரத்துல வந்துடுவியா?" சிங்கப்பூரில் காலை 8 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் 9.30க்கு வருகை என்று போட்டிருந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்? சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைச் சேர்த்தால் நாலு மணி நேரம். திரும்பும்போது இரவு 11.15க்கு ஏறி விடிகாலை 5.45க்கு இறங்குவேன். பார்க்க ஆறரை மணி நேரம், ஆனால் அதுவும் நாலுதான்.

தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மணிக்கு 850 என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. மீதியை ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், ஏறுவதும் இறங்குவதும் தின்றுவிடுகின்றன. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, உப்புமா சூடாக இருந்தது. கீழே பெரும்பாலும் கடல்தான்.

மீனம்பாக்கத்தில் பெட்டி வந்து வெளியே வர ஒரு மணி நேரம். அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அதற்கப்புறம் வேலூர்ச் சத்துவாச்சாரி வரை வந்த சுமார் 130 கிலோமீட்டர்.

முன்பதிவு செய்த டாக்ஸி முக்கால் மணி நேரம் தாமதம். "பார்க்கிங்ல மாட்டிக்கிட்டேன் சார்" என்றார் ஓட்டுநர். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஆறுவழிச் சாலை வேலை. பாலம் கட்டும் இடத்தில் எல்லாம் வண்டியைச் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள். லாரிக்குப் பின்னால் லாரி. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை என்று அங்கேயும் ஒரு நிறுத்தம். வாலாஜாவைத் தாண்டியபோதுதான் மூச்சு வந்தது. சத்துவாச்சாரியில் இறங்கும்போது மணி மூன்றே முக்கால். கடலைத் தாண்ட ஆனதைவிட அதிக நேரம், இரண்டு மாவட்டம் தாண்ட ஆகியிருக்கிறது!

இத்தனைக்கும் வேலூரை ஒட்டி அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. நான் போனபோதும் அங்கே பயணிகள் விமானம் எதுவும் இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வருஷம் வந்துடும்" என்பார் சித்தப்பா. இந்தத் தடவை அவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது புத்தி வந்தது. பாகாயம் பக்கமிருந்து வரும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் பாலாற்றுப் பாலம் தாண்டிக் காட்பாடிக்குப் போகலாம் என்றேன். பெட்டிகளைப் பார்த்துச் சித்தி ஆட்டோ பிடித்தார். காட்பாடி ஜங்ஷனில் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, பெட்டியோடு நடைமேடை மாறுவது கொஞ்சம் சிரமம். ரயில் ஏறியபின் கவலை இல்லை. சென்ட்ரலுக்கு 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அரக்கோணம் வரும்வரை ஜன்னலோரக் காற்று வேறு. சென்ட்ரலில் அப்படியே கீழே இறங்கினால் மெட்ரோ, ஸ்கேனரில் பெட்டிகளைப் போட்டுவிட்டு ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் விமான நிலையம். டாக்ஸிக்குக் கொடுத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சிங்கப்பூரில் இறங்கியதும் சித்தியின் குரல் செய்தி: "ஆறரை மணி நேரம் ஆச்சே, தூங்கினியா?"