இரண்டாவது குழந்தைக்குத் தொட்டில்: தூளியா, ஸ்டாண்டா, பரணில் கிடக்கும் பழசா?

முதல் குழந்தைக்குத் தொட்டில் வாங்கும்போது அந்தக் குழந்தையின் எடையைப் பார்த்தால் போதும். இரண்டாவதற்கு வாங்கும்போது மூத்ததின் எடையைப் பார்க்க வேண்டும். பிறக்கப்போவது 3 கிலோ. ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் ஒன்பது பத்து கிலோ. இதைத் தாங்காத தொட்டில் கடையில் இல்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே 14, 15 கிலோவில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அது தம்பியைப் பார்க்கிறேன் என்று தொட்டிலின் விளிம்பைப் பிடித்துத் தொங்கும். அசையாமல் தொங்கினால் 15 கிலோ. சட்டென்று மொத்த எடையையும் போட்டால் அந்த நொடியில் கொக்கிக்கும் ஸ்பிரிங்குக்கும் அது 30 கிலோ. பெட்டியின் மேல் '20 கிலோ வரை தாங்கும்' என்று அச்சடித்திருப்பது அசையாத எடைக்கு.

இந்தக் கணக்கோடு பார்த்தால் கடையில் நல்லதாகத் தெரிபவை பாதி கழிந்துவிடும்.

முதலில் ஸ்டாண்ட் தொட்டில். இரண்டாவது பிரசவத்துக்குப் பலர் தாய்வீட்டில் நீண்ட நாள் தங்குவதில்லை, மூத்ததுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே ஒரு மாதம், இங்கே மீதி என்று ஓடும்போது மடக்கி எடுத்துப் போகிற ஸ்டாண்ட் வசதிதான். ஏறக்குறைய 1,500 ரூபாயில் தொடங்குகிறது. தடித்த குழாய், எவர்சில்வர் என்று போனால் இரண்டு மடங்கு ஆகும். இரண்டு அமைப்பில் வருகிறது. ஒன்று, பக்கத்துக்கு இரண்டு காலாக விரிந்து மேலே ஒரு குறுக்குக் குழாயில் சேரும் நாலுகால் ஸ்டாண்ட். இன்னொன்று, பின்னாலிருந்து ஒரே குழாய் எழுந்து வளைந்து முன்னால் கொக்கியைத் தொங்கவிடும் வளைகம்பு ஸ்டாண்ட். இரண்டாவது பார்க்க அழகு, இடமும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் எடை முழுவதும் முன்பக்கம் தொங்குவதால், மூத்தது முன்னால் நின்று தன் பக்கம் இழுத்தால் ஸ்டாண்டோடு சாய்ந்து வரும். ஐந்தாறு வயதுக்குள் இன்னொரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

நாலுகாலிலும் எல்லாம் ஒன்றல்ல. கடையிலேயே விரித்துப் போட்டுக் குறுக்குக் குழாயை இரு கையாலும் பிடித்து, ஆட்டும் திசையில் தள்ளிப் பாருங்கள். கால்கள் தரையைவிட்டு எழக் கூடாது, மூட்டில் 'டக் டக்' சத்தம் வரக் கூடாது. மூட்டுகளை அமுக்கும் பட்டன் பிடித்திருக்கிறதா, நட்டு போல்ட்டா என்று பாருங்கள். பட்டன் மடக்கி விரிக்க விரிக்கத் தளரும். அதன் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. நட்டு போல்ட்டும் ஆட்ட ஆட்டக் கழலும். ஆனால் அதற்கு மருந்து உண்டு. கூடவே தருகிற சாதா நட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போடுங்கள். ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்தான்.

கால் நுனி ரப்பர் தொப்பிகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். மூத்திரமும் வீடு துடைக்கிற தண்ணீரும் அதற்குள்தான் தேங்கும். பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் வெளியில் பளபளவென்று இருக்கும்போதே அடியில் துருப்பிடித்துப் போவது இதனால். எவர்சில்வர் என்று சொல்லி விற்றால் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். காந்தம் நன்றாக ஒட்டினால் சாதா இரும்பாக இருக்கலாம், காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர் ரகமும் உண்டு. ஒட்டாதது எல்லாம் உயர்ந்த ரகம் என்று ஆகாது. எவர்சில்வரில் 202, 304 என்ற ரகங்கள் இரண்டுமே காந்தத்தில் நன்றாக ஒட்டாது. துரு தாங்குவதில் 304 மேல், தொட்டிலுக்கு 202 போதும்.

ஸ்பிரிங் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கூடவே வருகிறது என்பதற்காக முதல் நாளே மாட்ட வேண்டியதில்லை. 3 கிலோ குழந்தைக்குக் கனமான ஸ்பிரிங் அசைந்தே கொடுக்காது. அசையவில்லையே என்று பாட்டி ஓங்கி இழுப்பார், குழந்தை குலுங்கும். கழுத்து நிற்க மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, நேராகக் கொக்கியில் மாட்டி மெல்ல ஆட்டினால் போதும். பிறகு மாட்டும்போது, ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு சங்கிலியோ நைலான் கயிறோ ஓடுகிறதா பாருங்கள். ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் அதில் நிற்கும். அது இல்லாத ஸ்பிரிங்கை வாங்காதீர்கள். வெளியே துணி உறை கட்டாயம். சுருள் விரிந்து மூடும் இடைவெளியில் மாட்டுவது தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் விரல் அல்ல, எட்டிப் பிடிக்கும் மூத்ததின் விரலும் தலைமுடியும்.

இன்னொரு சின்னச் சாமான், பலரும் கவனிக்காதது, எஸ் வடிவக் கொக்கி. வாய் திறந்த இந்தக் கொக்கியில் எடை இருக்கும்வரை சிக்கல் இல்லை. குழந்தையைத் தூக்கியதும் ஸ்பிரிங் மேலே துள்ளும், அந்தத் துள்ளலில் கொக்கி பாதி நழுவி விளிம்பில் நிற்கும். அடுத்த முறை குழந்தையைப் போட்டதும் விழும். வாய்க்குத் தாழ் உள்ள கொக்கியாக மாற்றுங்கள். இல்லையென்றால் கட்டுக்கம்பியால் வாயைச் சுற்றிக் கட்டுங்கள். கொக்கியும் வளையமும் உரசும் இடத்தில் கீழே கறுப்புப் பொடி உதிர்ந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். எண்ணெய் விட்டால் கிறீச்சிடுவது நிற்கும், தேய்ந்த இரும்பு திரும்ப வராது. மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து தூளி. ஊருக்கு ஊர் ஏணை, தொட்டில் என்று பெயர் மாறினாலும் பொருள் ஒரு பழைய நூல் சேலை. செலவில்லை, மூத்திரம் துணியில் இறங்கிக் கீழே வடிந்துவிடும், துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காயும். துணி வகையில் மட்டும் கண்டிப்பு வேண்டும். நூல் சேலையின் முடிச்சு ஒன்றையொன்று கவ்வும், பாலியெஸ்டர் சேலையில் வழுக்கும். சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, நூல் விலகிய இடம் இருக்கிறதா என்று முழு நீளமும் பாருங்கள். இரண்டாக மடித்து, முடிச்சை எதிரெதிராக இரண்டு தடவை போட்டு, நுனி ஒரு சாண் மிஞ்ச வேண்டும். அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரக் கூடாது. கீழே ஜமக்காளம் மடித்துப் போட்டிருக்க வேண்டும். சிசேரியன் ஆனவருக்கு இந்த உயரம்தான் தொல்லை. முழங்கால் உயரத்துக்குக் குனிந்து தூக்க முதல் சில வாரம் தையல் விடாது. அவருக்கு இடுப்பு உயரத்தில் நிற்கும் ஸ்டாண்டே மேல்.

தளத்தில் கொக்கி இல்லாத வீட்டில் துளை போட்டு மாட்டுவார்கள். பிளாஸ்டிக் பிளக் செருகி அதில் திருகுக் கொக்கி மாட்டினால் சுவரில் படம் தொங்கும், தளத்தில் தொட்டில் தொங்காது. சுவரில் பாரம் பக்கவாட்டில் இறங்குகிறது. தளத்தில் நேராகக் கீழே இழுக்கிறது, பிளக்கோடு உருவிக்கொண்டு வந்துவிடும். கான்கிரீட்டில் விரிந்து பிடிக்கும் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்தான் போட வேண்டும். துளை போடுமுன் தளத்துக்குள் வயர் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் தெரியும் கொக்கி எதற்கும் ஆகாது.

தூளியின் உண்மையான ஆபத்து குழந்தை உள்ளே இருக்கும்போது அல்ல, இல்லாதபோது. மூத்தது அதில் ஏறி உட்கார்ந்து சுற்றும். துணி முறுக்கேறிக் கயிறாகும், கழுத்தில் விழுந்தால் அதன் எடையே அதை இறுக்கும். கத்தக்கூட முடியாது, அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. சேலை ஊஞ்சலில் கழுத்து இறுகி இறந்த சிறுவர் சிறுமியரைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அவர்களில் பலர் பள்ளிக்குப் போகிற வயது. 'பெரிய பிள்ளை, புரியும்' என்பது இதில் செல்லாது. குழந்தையை எடுத்த கையோடு தூளியைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஒரே கையால் கழற்றும்படி தாழ்க் கொக்கியில் மாட்டியிருந்தால் இது நடக்கும். ஸ்டூல் போட்டு ஏறி முடிச்சு அவிழ்க்க வேண்டுமென்றால் மூன்றாம் நாளே நின்றுபோகும்.

மூச்சு விஷயம் தூளிக்கும் ஸ்டாண்டில் தொங்கும் வலைத் தொட்டிலுக்கும் பொது. துணி தொய்ந்தால் குழந்தையின் உடல் வில்லாக வளையும், மோவாய் மார்பில் படும், மூச்சுக்குழல் குறுகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை, மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், 10 பாகைக்கு மேல் சாய்வில்லாமல் படுக்கவைக்கச் சொல்கிறது. தூளி அந்த அளவுக்குள் வராது. கட்டை கொடுத்து அகட்டினால் தொய்வு குறையும், தீராது. ஆகவே பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டித் தூங்கவைக்க மட்டும் தூளி. தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள். இரவுக்கு வேண்டவே வேண்டாம். குறைமாதக் குழந்தைக்குப் பகலிலும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஸ்டாண்டோடு இலவசமாகத் தரும் மெத்து மெத்தென்ற ஸ்பஞ்சு மெத்தை இந்தக் குழியை இன்னும் ஆழமாக்கும், மூத்திரத்தையும் குடித்துவைத்துக்கொள்ளும். அதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

இரவுக்குச் சமதளமும் கம்பித் தடுப்பும் உள்ள மரத் தொட்டில் சரி. கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் உடல் நுழைந்து தலை மாட்டும். தாத்தா காலத்துத் தொட்டிலைத் தூசிதட்டி இறக்குவோர் பெயின்ட்டைக் கவனிக்க வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பல் முளைக்கிற காலத்தில் குழந்தை கடிப்பது அந்த மேல்விளிம்பைத்தான். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி அவருக்கும் கேடு.

தானாக ஆட்டும் மோட்டார் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஆட்ட ஆள் இல்லாத நேரம் என்றால் பார்க்கவும் ஆள் இல்லாத நேரம். பணத்தை நல்ல நாலுகால் ஸ்டாண்டில் போடுங்கள்.

பரணில் முதல் குழந்தையின் ஸ்டாண்ட் இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. குழாயும் வெல்டிங்கும் நன்றாக இருந்தால் சட்டம் உழைக்கும். துணி, கொக்கி, ரப்பர் தொப்பி, நட்டுகளைப் புதிதாக்குங்கள். ஸ்பிரிங்கை எடையில்லாமல் தொங்கவிட்டுப் பாருங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இடையே வெளிச்சம் தெரிந்தால் அது இழுபட்டுப்போன ஸ்பிரிங், துரு இருந்தாலும் அதே கதைதான்.

புதியதோ பழையதோ, குழந்தை வருமுன் ஒரு இரவு 25 கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்துத் தொங்கவிடுங்கள். கீழே தரையில் சாக்பீஸால் கால்களின் இடத்தைக் குறித்துவையுங்கள். காலையில் கால் கோட்டைவிட்டு நகர்ந்திருந்தாலோ, குறுக்குக் குழாய் நடுவில் வளைந்திருந்தாலோ, தூளி முடிச்சு இரண்டு விரலுக்கு மேல் இறங்கியிருந்தாலோ அதில் குழந்தையைப் போடாதீர்கள், புதிதாக வாங்கியது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுத்தால் கவலை இல்லை, உள்ளேதான் அரிசி இருக்கிறதே.