பழைய லேப்டாப், புது வைஃபை: எந்த வீட்டுக்கு எந்த வழி?

தக்கலையில் அக்கா வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்த மறுநாள் காலையிலேயே எனக்குப் போன் வந்தது. "தம்பி, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் இதுல காட்டுது, நம்ம வீட்டுது மட்டும் காட்டல்ல. இணைப்பு கொடுக்க வந்த பையன் லேப்டாப் பழசாயிட்டு, வேற வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அந்த லேப்டாப் 2013-இல் அக்காவின் மூத்த மகன் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கிடைத்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த அப்படிப்பட்ட லேப்டாப்கள் நம் குமரி மாவட்டத்தில் பல வீடுகளின் அலமாரியில் இன்னும் இருக்கின்றன. அக்கா வீட்டில் அது அலமாரிக்குப் போகவில்லை. இளையவள் அதில்தான் போட்டித் தேர்வுப் பாடங்களைக் கேட்கிறாள். கீபோர்டு, திரை, பேட்டரி எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு பொருளை வைஃபை சேரவில்லை என்பதற்காக மட்டும் ஓரம் கட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். பிறகு குளச்சலில் மாமா வீட்டிலும், குலசேகரத்தில் நண்பனின் கடையிலும் இதே பிரச்சினை வந்தபோது வெவ்வேறு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

எதையும் வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் வரவில்லையா? பெயர் வந்தும், சரியான பாஸ்வேர்டு போட்டும் ஏற்கவில்லையா? இல்லை, இணைந்துவிட்டு எந்தப் பக்கமும் திறக்கவில்லையா? மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒன்றின் மருந்து மற்றதற்குப் பலிக்காது.

முதல் வகை பெரும்பாலும் அலைவரிசைப் பிரச்சினை. அந்தக் காலத்து லேப்டாப்களில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும். புது ரூட்டர் 2.4, 5 என்று இரண்டிலும் ஒலிபரப்பும். இணைப்புக் கொடுப்பவர் வேகமாக இருக்கட்டும் என்று 2.4-ஐ அணைத்துவிட்டால் பழைய லேப்டாப்புக்கு அந்த ரூட்டர் இருப்பதே தெரியாது. அக்கா வீட்டில் நடந்தது இதுதான். உங்கள் லேப்டாப் எந்த வகை என்று பார்க்க, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து வைஃபை கார்டின் (லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் சின்னப் பலகை) பெயரைப் படியுங்கள். 'டூயல் பேண்ட்' என்றோ 'ஏசி' என்றோ இருந்தால் 5-உம் கேட்கும். 'பி/ஜி/என்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2.4 மட்டும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்டெல் 7265, 8260 போன்ற கார்டுகள் நல்லவைதான், ஆனால் பழைய டிரைவரோடு (கார்டை இயக்கும் மென்பொருள்) இருந்தால் வைஃபை 6 ரூட்டரைப் பட்டியலில் காட்டாது. இன்டெல் இதற்குத் திருத்திய டிரைவர் வெளியிட்டிருக்கிறது. அதைப் போட்டால் போதும், அல்லது ரூட்டரில் வைஃபை 6-க்கான 'ஏஎக்ஸ்' முறையை அணைத்துவிடலாம். சில பழைய கார்டுகள் 11-ஆம் சேனல் வரைதான் தேடும். ரூட்டர் தானாகவே 12, 13-க்குப் போயிருந்தால் கையால் 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள். இதற்கெல்லாம் முன்னால், லேப்டாப்பின் ஓரத்தில் வைஃபைக்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பழைய மாடல்களில் அது உண்டு, கை பட்டு அணைந்துவிடும்.

இரண்டாவது வகை பூட்டுப் பிரச்சினை. 2018-இல் வந்த டபிள்யுபிஏ3 என்ற பாதுகாப்பு முறை விண்டோஸ் 7-க்குத் தெரியாது. விண்டோஸ் 10-இலும் 1903 பதிப்பில்தான் அது வந்தது. ரூட்டரை, முந்தைய பூட்டான டபிள்யுபிஏ2-உம் 3-உம் கலந்த முறையில் வைத்தால் பல லேப்டாப்கள் சேர்ந்துவிடும். கலந்த முறையிலும் தடுமாறுகிற கார்டுகள் இருக்கின்றன. அப்போது நான் செய்வது, ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்றைத் திறந்து, அதை 2.4-இல், டபிள்யுபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கம் என்று வைத்து, வேறு பெயர் கொடுத்துவிடுவது. ரூட்டர் அனுமதித்தால் இதுதான் நல்லது. வீட்டின் மற்ற போன்கள் புதுப் பூட்டிலேயே இருக்கும், பழையதற்கு மட்டும் தனி வாசல்.

சிலர் 'டபிள்யுஇபி என்ற மிகப் பழைய பூட்டை வையுங்கள், எல்லாமே சேரும்' என்று சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2001-இலேயே வெளியாகிவிட்டது. அதோடு, டபிள்யுஇபியோ, டிகேஐபி என்ற பழைய குறியாக்கமோ வைத்தால் 'என்' கார்டும் பழைய 54 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும்.

ரூட்டரைத் திருத்த ஒரு பைசா செலவில்லை. அதனால் மற்ற எல்லா வழிக்கும் முன்னால் இதைத்தான் வைப்பேன். உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் இணைப்புக் கொடுத்த கேபிள்காரரிடம் கேளுங்கள். 'டூ பாயிண்ட் ஃபோரைத் தனிப் பெயரில் போட்டுத் தாங்க' என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

2.4 பழசு என்று தாழ்வாக நினைக்கவும் வேண்டாம். தடித்த சுவருள்ள நம் பழைய வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், 2.4 அடுக்களை வரை வரும். ஒரே ஆன்டெனா உள்ள 'என்' கார்டு காகிதத்தில் 72 அல்லது 150 எம்பிபிஎஸ் என்று காட்டும், கையில் கிடைப்பது அதில் பாதி அளவு. வகுப்பு வீடியோ பார்க்க அது தாராளம்.

சரி, ரூட்டரைத் தொட முடியாத வீடு என்றால்? அல்லது கார்டே செத்துவிட்டது என்றால்? அங்கேதான் உண்மையான போட்டி வருகிறது: டாங்கிளா, உள்கார்டா, லேன் கேபிளா, போனா?

டாங்கிள் என்ற சின்ன வைஃபை கருவியை யுஎஸ்பி துளையில் செருகினால் வேலை முடிந்தது என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. பெட்டியின் மேல் இருக்கும் வேகத்தைவிட உள்ளே இருக்கும் சிப்தான் முக்கியம், அந்தப் பெயர் பெட்டியில் இருக்காது. மாடல் எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. டிபி-லிங்கின் டபிள்யுஎன்722என் முதல் பதிப்பில் ஆத்தெராஸ் ஏஆர்9271 சிப் இருந்தது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். எண் ஒன்றுதான், உள்ளே வேறு ஆள். லினக்ஸ் போட்டிருக்கிறவர்கள் மீடியாடெக் எம்டி7610யு, 7612யு சிப் உள்ளதைத் தேடி வாங்கினால் நிம்மதி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 4.19-ஆம் பதிப்பிலிருந்து அவற்றின் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7-இலேயே இருப்பவர்கள், அதற்கு டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

'ஏசி1300' என்று பெரிய எண் போட்டதை வாங்குவதிலும் பெரிய பயன் இல்லை. பழைய லேப்டாப்பின் யுஎஸ்பி 2.0 துளை 480 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், நடைமுறையில் அதற்கும் கீழே. 'ஏசி600' என்ற சின்ன இரட்டை அலைவரிசை டாங்கிள் போதும். 5 கிகாஹெர்ட்ஸும் கிடைக்கும், லேப்டாப்பை வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டும் திரியலாம்.

குளச்சலில் மாமா வீட்டுக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விடாது, அவருடைய லேன் துளையின் கம்பிகள் பச்சை பிடித்துக் கிடந்தன. கேபிள் செருகினால் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. டாங்கிள் என்றால் வேலை முடிந்ததும் கழற்றி டப்பாவில் போட்டுவிடலாம்.

உள்கார்டு மாற்றுவது பார்க்க அழகான வழி, வெளியே எதுவும் துருத்தாது, ஆன்டெனா திரையைச் சுற்றி ஏற்கெனவே ஓடியிருக்கும். ஆனால் நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. 2013-க்கு முந்தியவற்றில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை இருக்கும், புதுக் கார்டுகள் எம்.2 என்ற வேறு வடிவம். ஆன்டெனாக் கம்பியின் முனைகூட இரண்டுக்கும் வேறு அளவு. போதாததற்குப் பழைய திங்க்பேட் போன்ற சில மாடல்களில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது, 1802 என்று பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

லேன் கேபிள்தான் என் மனசுக்குப் பிடித்தது. லேப்டாப் ஒரே மேசையில் இருக்குமென்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். 100 எம்பிபிஎஸ் லேன் துளையில் கையில் 90-க்கு மேல் வரும், சுவரும் தடுக்காது, பூட்டுப் பிரச்சினையும் கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிற லேப்டாப்பும் சேர்ந்துவிடும், அதை இணையத்தில் விடுவது பாதுகாப்பில்லை என்பது வேறு விஷயம். குலசேகரத்தில் நண்பனின் கடைக்கு இதுதான் பொருந்தியது. பில் போடும் லேப்டாப் கல்லாவை விட்டு நகராது. ரூட்டரும் அதே சுவரில்.

ஆனால் அவன் அந்தக் கேபிளை முற்றம் வழியாகப் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் இழுக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். நமக்கு இரண்டு மழைக்காலம், அதற்கு முன் சித்திரை, வைகாசியில் மலைப்பக்கம் மதியத்துக்கு மேல் விழுகிற இடி வேறு. வெளியே தொங்கும் செம்புக் கம்பி பக்கத்தில் விழும் மின்னலின் அதிர்ச்சியை இரு முனைக் கருவிகளுக்கும் கொண்டுபோய்விடும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ரூட்டரின் பவர் அடாப்டர் கடத்தும். இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் சேர்த்து. அவன் பின்வீட்டுக்கு ஃபைபரையே நீட்டிப் போடச் சொன்னேன்.

கேபிளும் ஓட்ட முடியாது, டாங்கிளுக்கு டிரைவரும் கிடைக்கவில்லை என்றால் ஒரு நடுவழி உண்டு. லேன் துளையுள்ள சின்ன ரூட்டரையோ எக்ஸ்டெண்டரையோ 'கிளையன்ட்' முறையில் வைத்தால், அது வீட்டு வைஃபையைப் பிடித்து லேன் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். டிரைவரே தேவையில்லை. கூடுதலாக ஒரு பிளக் பிடிக்கும், அவ்வளவுதான்.

போனைக் கடைசியில் வைத்தேன், ஆனால் அதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் சேர்த்து, சார்ஜர் ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால், போனே டாங்கிளாகிவிடும். வைஃபை இணைந்திருக்கும்வரை மொபைல் டேட்டா கரையாது. புது அலைவரிசை, புதுப் பூட்டு எல்லாவற்றையும் போன் பார்த்துக்கொள்ளும். தினமும் இப்படி ஓட்டுவது சிரமம்தான், ஒரு அழைப்பு வந்து போனை எடுத்துக்கொண்டு நடந்தால் வகுப்பு நின்றுவிடும். ஆனால் டாங்கிள் வாங்கும் நாளில் இதுபோல் உதவுவது வேறில்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற முடிச்சை அந்த ஒயர் ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிடும்.

இணைந்தும் பக்கம் திறக்காத மூன்றாவது நோய்க்கு மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டாம். முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவுப் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பத்து வருடம் பின்னால் போயிருக்கும், தளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் பிரவுசர் பழசு. குரோம் விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2 ஜிபி ராம் இருந்தாலும் லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் ஓடும், புதுப் பிரவுசரும் அதில் வரும்.

அக்கா வீட்டில் கடைசியில் எதையும் வாங்கவில்லை. கேபிள்காரருக்கு ஒரு போன், 2.4 தனிப் பெயரில் வந்தது, அன்று மாலையே இளையவள் மாடிப்படி ஓரத்தில் உட்கார்ந்து விட்டுப்போன வகுப்பைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.