நாணல் அறுப்பு: ஆகஸ்டிலா, பனி உறைந்த பிறகா?

வட ஐரோப்பாவின் பால்டிக் கடலோர நாணலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அறுத்தால் கடல் சுத்தமாகும், கூரை வேயவும் பொருள் கிடைக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே அறுப்பில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. எந்த மாதம் அறுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பால்டிக்கின் சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர்தான், தண்ணீர் முழுதாக மாற ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகும். அதனால் வயல்களிலிருந்து வடியும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) அங்கேயே தேங்கி, கோடையில் நீலப்பச்சைப் பாசியாகப் பொங்குகின்றன. நாணல் அந்தச் சத்தை உறிஞ்சித்தான் வளர்கிறது. ஜூலை, ஆகஸ்டில் அது இலையிலும் தண்டிலும் நிறைந்திருக்கும். இலையுதிர் காலம் வந்ததும் அதில் பெரும்பகுதியை நாணல் சேற்றுக்குள் இருக்கும் தண்டுக்கு இறக்கி, அடுத்த வசந்தத்துக்குச் சேமித்துக்கொள்ளும்.

ஆக, கடலுக்காக அறுப்பதென்றால் கோடைதான், அதுவும் நாணலுக்குள் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகள் கூட்டைவிட்டுப் பறந்த பிறகு. கிடைக்கும் அவகாசம் சில வாரங்கள். அறுத்தது பச்சையாக, ஈரமாக, கனமாக இருக்கும், கூரைக்கு ஆகாது. பயோகேஸுக்கோ, மட்க வைத்து வயலுக்கோ போடலாம். வயலிலிருந்து கடலுக்குப் போன சத்து மறுபடி வயலுக்கே திரும்புவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் அறுத்ததைக் கரையேற்றாமல் தண்ணீரிலேயே மிதக்க விட்டால் அங்கேயே அழுகும், செய்த வேலை வீண். இன்னொன்று, நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்தால் குழல் போன்ற தண்டுக்குள் தண்ணீர் புகுந்து வேருக்குக் காற்று போகாது, நாணல் பட்டுப்போகும். அடைத்துக்கொண்ட விரிகுடாவைத் திறக்க இது உதவும். ஆற்று முகத்தில் செய்தால் வரும் சத்தைப் பிடித்து வைக்கும் வடிகட்டியையே நாம் அழித்துவிடுவோம்.

குளிர்கால அறுப்பு வேறு கதை. இலை உதிர்ந்து, தண்டு மட்டும் காய்ந்து நிற்கும். உறைந்த பனிமேல் இயந்திரம் ஓட்டலாம். தண்டில் சிலிக்கா அதிகம் என்பதால் எளிதில் மட்காது. நன்றாக வேய்ந்து பராமரித்த கூரை 30 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். வெப்பம் தடுக்கும் பலகையும் செய்யலாம். பொருளாகப் பார்த்தால் இதற்குப் போட்டியே இல்லை. ஆனால் கடலிலிருந்து வெளியேறும் சத்து கோடையைவிட மிகக் குறைவு, நாணலும் அடுத்த ஆண்டு அடர்ந்தே முளைக்கும். பனி சரியாக உறையாத ஆண்டுகளில் இயந்திரம் சேற்றில் இறங்கி வேரைச் சிதைத்துவிடும்.

மாடு மேய்ப்பதும் பழைய வழி. கரையில் மேய்ச்சல் குறைந்ததும் நாணல் இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம். ஆனால் சாணம் அங்கேயே விழுவதால் சத்து அதிகம் வெளியேறாது. புல்வெளிப் பறவைகளுக்கு நல்லது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? தண்ணீர் ஓட்டம் அடைபட்ட விரிகுடாக்களில் ஆகஸ்ட் அறுப்பு. விற்றுவரும் பணத்தில் அந்தச் செலவைக் கட்டுவது கடினம். அது கடலைச் சுத்தம் செய்யும் கூலி, பொதுப்பணத்திலிருந்தே தர வேண்டும். நேரான உறுதியான தண்டு வளரும் இடங்களைக் குளிர்கால வியாபாரத்துக்கு விடலாம், அந்தக் கட்டுகளைக் "கடல் காத்த நாணல்" என்று விற்காமல் இருந்தால் போதும். இரண்டு இடத்திலும் ஒரு பகுதியை அறுக்காமலே விட வேண்டும். பழைய தண்டுகள் நின்றால்தான் வசந்தத்தில் சீக்கிரம் வரும் பறவைகள் கூடு கட்டும்.