அவுட்லாண்டர் பிஎச்இவி: ஏழு வருடம் சார்ஜ் போட்ட அனுபவம்

2017-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய 2015 மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிஎச்இவியை (பெட்ரோல் எஞ்சினோடு, பிளக்கில் சார்ஜ் போடும் பேட்டரியும் உள்ள கார்) ஏழு வருடமாக ஓட்டினேன். லண்டன் ஹாரோவில் வீடு, ஹீத்ரோ பக்கம் வேலை, போய்வர இருபது மைல். 12 யூனிட் பேட்டரிக்கு அளவான தூரம். கோடையில் 23 மைல் வரை போகும், குளிரில் 17 கிடைத்தாலே சந்தோஷம், மீதிக்குப் பெட்ரோல்.

முதல் வருடம் மூன்று முள் பிளக்கில்தான் போட்டேன், ஐந்து மணி நேரத்தில் நிறையும். ஒருநாள் எக்ஸ்டென்ஷன் கேபிளை உருளையிலிருந்து முழுக்கப் பிரிக்காமல் மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் தொட்டால் சுடுகிறது! கெட்டில் மூன்று நிமிடத்தில் அணைந்துவிடும், வண்டியோ 10 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும், தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரில் சார்ஜர் வைத்தேன். 7 கிலோவாட் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், வண்டி 3.7-க்கு மேல் எடுக்காது. மூன்றரை மணி நேரம் ஆகும்.

வெளியே ஃபாஸ்ட் சார்ஜர் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இந்த வண்டியில் அதற்கான சாடெமோ சாக்கெட் இருக்கிறது, அரை மணியில் 80 சதவீதம் ஏறும், அதெல்லாம் சரி. ஆனால் யூனிட் 75 பென்ஸ் என்றால் 23 மைலுக்கு ஏழு பவுண்டுக்கு மேல். பெட்ரோலில் அதே தூரம் நாலு பவுண்டுக்குள் முடிந்துவிடும். வீட்டில் நள்ளிரவுக் கட்டணத்தில் ஒரு பவுண்டு கூட ஆகாது. பேட்டரியை மட்டுமே நம்பி வந்தவர் பின்னால் காத்திருக்கும்போது, பெட்ரோல் டாங்க் இருக்கிற நாம் அந்த இடத்தைப் பிடித்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரியை நிரப்பும் 'சார்ஜ்' பொத்தானை இரண்டு மாதம் அழுத்திப் பார்த்தேன், பெட்ரோல் போனதுதான் மிச்சம். 'சேவ்' பொத்தான் வேறு கதை: பர்மிங்காம் போகும்போது எம் 40 நெடுஞ்சாலையில் எஞ்சினிலேயே ஓட்டி, பேட்டரியை ஊருக்குள் நெரிசலுக்கென்று வைத்துக்கொள்வேன்.

அப்புறம் குளிர்காலத்தில் பிளக்கைக் கழற்றும் முன்பே போனிலிருந்து ஹீட்டரைப் போட்டுவிடுங்கள். வண்டியின் சொந்த வைஃபையில்தான் போன் இணையும், அதனால் ஜன்னலோரம் நின்றுதான் போட முடியும், ஆனாலும் சூட்டுக்கான மின்சாரத்தில் பெரும்பங்கு சுவரிலிருந்தே வந்துவிடுவதால் ஜனவரியிலும் ஹீத்ரோ வரை எஞ்சின் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.